சமோவாவில் நாங்கள் இருந்ததேயில்லை

1

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாலு இருபதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நாலரைக்கு என் வேலை முடியும். அந்தப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் தொலைபேசி என்னிடம் வந்திருக்காது. நான் வேலை செய்வது பேர்ன் நகரின் மேற்கே, பூம்ப்ளிஸில், ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில். ஊரில் பதினாறு வருஷம் புவியியல் படிப்பித்தவள் இங்கே படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அதைப்பற்றி நான் முறையிடவில்லை. விரிப்புகள் கேள்வி கேட்பதில்லை.

மேற்பார்வை செய்யும் அம்மா படியில் நின்று என் பெயரைப் பாதி விழுங்கிக் கூப்பிட்டு, "டெலிஃபோன்" என்றார். தஞ்சம் கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவளை வேலையிடத்தில் தொலைபேசிக்குக் கூப்பிட்டால் அவளுக்கு இரண்டு எண்ணம்தான் வரும். ஒன்று வெளிநாட்டவர் பொலிஸ். மற்றது, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது. கையில் இருந்த தலையணை உறையோடேயே மேலே ஓடினேன்.

மறுமுனையில் இருந்தவர் என் மகள் தர்சினியின் வகுப்பாசிரியை ஃப்ராவ் லூத்தி. இலையுதிர் காலத்தில் புதிதாக வந்தவர். நல்ல மனுசி. எங்களோடு பேசும்போது, சின்னப்பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் வைப்பார். அன்றைக்குச் சந்தோஷத்தில் வேகமாகப் பேசினார். எனக்குப் பிடிபட்டது இவ்வளவு: வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் தென்கடல் தீவுகளைப்பற்றிப் படித்ததை எல்லோருக்கும் காட்டப்போகிறார்கள். நான் ஏதாவது சமைத்துக்கொண்டு வரவேண்டும். எதற்கும் "யா, யா" என்றேன். விளங்காத இடத்தில் "யா" சொல்வது இந்த நாட்டில் என் பெரிய வியாதி. போன வருஷம் இப்படித்தான் வேண்டாத ஒரு தையல் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆனேன்.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "இங்கே வருவதற்கு முன் நீங்கள் அத்தனை வருஷம் சமோவாவில் இருந்ததை ஏன் ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை? தர்சினி எவ்வளவு அழகாகச் சொல்கிறாள். உங்கள் கணவர் அங்கே தபாற்கந்தோரில் வேலை செய்தாராமே."

"யா" என்றேன்.

"இன்னொரு நல்ல செய்தி. உண்மையான சமோவாப் பெண் ஒருவர் கூர் நகரில் இருக்கிறார். சுவிஸ்காரரைக் கல்யாணம் செய்தவர். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறார். நீங்கள் இரண்டு பேரும் பழைய கதை பேசலாம்."

தலையணை உறையை நான் மேற்பார்வை அம்மாவின் மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த நாள் அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு, இதில் என்ன பயம், பிள்ளை ஒரு கதை அளந்திருக்கிறாள், அவ்வளவுதானே என்று தோன்றும். எங்களுக்கு அது அவ்வளவுதான் இல்லை.

நாங்கள் எண்பத்து நாலில் வந்தோம். இது மூன்றாவது குளிர்காலம். வந்த புதிதில் விசாரணைக்கு என்னையும் இவரையும் தனித்தனி அறையில் இருத்தி, ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். இவர் தெருப் படலையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் என்றார். நான் குசினியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் என்றேன். அந்தக் கிணற்றை நேராக்க எங்களுக்கு இன்னொரு முழு நாள் போனது. யாழ்ப்பாணத்துக் கிணற்றை பேர்னில் இருந்து ஒரு பக்கத்துக்கு நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு இவர் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். "ஊரைப்பற்றி ஒருத்தரோடையும் கதைக்கப்படாது. பள்ளிக்கூடத்திலயும் இல்லை, பஸ்ஸிலயும் இல்லை. சொன்னதுக்கு ஒரு சொல் கூடக்குறைய வெளியில போனா எங்கட கதை முடிஞ்சுது." எங்கள் ஆட்களுக்குள் இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். இடையில் வேறொரு பாதுகாப்பான நாட்டில் தங்கியிருந்தவர் என்று தெரிந்தால், அங்கேயே போ என்று விடுவார்களாம். இப்போது என் மகள், நாங்கள் வருஷக்கணக்காகச் சமோவாவில் இருந்தோம் என்று ஒரு வகுப்புக்கே சொல்லி வைத்திருக்கிறாள். பசிபிக் சமுத்திரத்தில் அதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது? இதை எழுதும்வரை எங்களுக்கு முடிவு வரவில்லை.

சமோவா வீட்டுக்குள் வந்த வழி இப்போது யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது. இந்த நாட்டில் பாடசாலைப் பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார்கள். தாய் வீட்டில் இருப்பாள் என்று நாடே முடிவெடுத்து வைத்திருக்கிறது. தாய் சலவை அறையில் இருந்தால் அது தாயின் பாடு. மேல்மாடியில் ஃப்ராவ் கெர்பர் என்ற ஓய்வுபெற்ற தாதி தனியாக இருக்கிறார். "என்னிடம் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். அவர் இளமையில் மேற்குச் சமோவாவில் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் என்பது தெரியும். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கொஞ்சக் காலமாகத் தர்சினி கதிரையை விட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டாள். கதிரை மேசை வாங்கக் காசு சேர்த்த எங்களுக்கு முன்னால் அப்படி இருந்தாள். அறைக்கதவுகளை எல்லாம் திறந்து விடுவாள். சூடெல்லாம் வெளியே போகிறது என்று கட்டடக் காவலாளி வந்து சத்தம்போட்டார். இவர் செய்தி பார்க்கும்போது தொலைக்காட்சிக்குக் குறுக்கே போவதென்றால் முதுகை வளைத்து, "துலோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவாள். இது பேர்ன் ஜேர்மனில் ஏதோ மரியாதை வார்த்தை என்று நினைத்து நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். பிள்ளை நல்ல பழக்கம் படிக்கிறாள் என்று நானும் அதைப் படித்தேன். முதியோர் இல்லத்துத் தலைமைத் தாதிக்கு முன்னால் போகும்போதெல்லாம் குனிந்து "துலோ" சொன்னேன். ஒருநாள் அவர், முதுகு வலிக்கிறதா, டொக்டரைப் பார்க்கிறாயா என்று கேட்டார்.

3

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இவரும் உணவகத்துக் குசினியில் இருந்து வந்திருந்தார். சொன்னேன். இவர் சோபாவில் இருந்து எழும்பி யன்னல் சீலையை இழுத்து மூடினார். என்னத்துக்கு என்று இவருக்கே தெரியாது.

"தர்சி, இஞ்ச வா. நாங்கள் எப்ப பிள்ளை சமோவாவில இருந்தனாங்கள்?"

அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "ஃப்ராவ் லூத்தி போன் எடுத்தவவோ?" என்று கேட்டாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அப்பாதானே சொன்னவர், ஊரைப்பற்றி ஒருத்தரோடையும் கதைக்கப்படாதெண்டு. நான் ஊரைப்பற்றிக் கதைக்கேல்லை."

இவர் மூடிய சீலையை இன்னொரு தரம் இழுத்துவிட்டார்.

"வகுப்பில எல்லாரும் தங்கட இடத்தைச் சொன்னவை," என்றாள். "இத்தாலிப் பிள்ளை இத்தாலியைச் சொன்னவள். நானும் ஏதாவது சொல்லத்தானே வேணும். தமிழ் எண்டு சொன்னா பேப்பரில போதைமருந்து விக்கிறவை எண்டு வாறதெல்லாம் சொல்லிப் பகிடி பண்ணுவாங்கள்."

"அதுக்குச் சமோவாவோ? உலகத்தில வேற இடமே இல்லையோ?" என்றேன்.

"அங்க ஆமி இல்லை அம்மா. வீட்டுக்குச் சுவரும் இல்லை. ஆர் வந்தாலும் தூரத்திலேயே தெரியும்."

வரும்போது அவளுக்கு ஏழு வயது. ஊரில் கடைசி மாதங்களில் இராணுவ ட்ரக் சத்தம் கேட்டால் விளக்கை நூர்த்துவிட்டு, யன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிப் படுப்போம். அவளுடைய வாயை நான் பொத்தியிருப்பேன். வந்தது ட்ரக்கா, அரைக்கும் மில்லுக்கு மிளகாய் ஏற்றும் லொறியா என்று சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்து தெரியாது. அவள் அதை எல்லாம் மறந்துவிட்டாள் என்று நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

"சமோவாவில பிள்ளையள் விடிய எழும்பி முத்தம் கூட்டித்தான் பள்ளிக்கூடம் போவினமாம்," என்றார் இவர். "அந்தப் பக்கத்தை மட்டும் நீ படிக்கேல்லைப்போல."

"கூட்டுறதில்லை அப்பா. விழுந்த இலையளைக் கையாலதான் பொறுக்குவினம்."

"அப்ப எங்கட குப்பை வாளியையும் கையாலயே கொண்டுபோய்க் கீழ வையன்."

அவள் வாளியோடு போனதும் இவர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும். வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல்."

"செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிட்டுதோ?"

"காய்ச்சல் எப்பவும் வரும்."

"அந்தக் கூர்க்காரி வந்து, சமோவாப் பிள்ளை எங்கை எண்டு கேப்பா. வராத பிள்ளையைப்பற்றி இன்னும் கூடக் கதைப்பினம். பிறகு நலம் விசாரிக்க வீட்டுக்கும் வருவினம்."

"அப்ப பொலிசுக்கு நாங்களே போய் முதலில சொல்லுவம். நாங்கள் சமோவாவில இருக்கேல்லை எண்டு."

"ஆரும் கேக்காத கேள்விக்கு நாங்கள் போய்ப் பதில் சொல்லுறதோ?"

அந்த இரவு எங்கள் வீட்டில் சமோவாவைத் தவிர வேறு பேச்சில்லை. பதினாறு வருஷப் படிப்பித்தலில் நான் அந்தத் தீவுகளுக்குக் கொடுத்தது அரைப் பாடவேளை. எரிமலைத் தீவு, பவளத் தீவு, வேறுபாடு எழுதுக, நாலு புள்ளி.

4

புதன்கிழமை மேல்மாடிக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அடுப்பில் சோறு இருந்தது, கெதியாக முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன்.

ஃப்ராவ் கெர்பர் என் உடைந்த ஜேர்மனைக் கடைசிவரை கேட்டார். "படங்களை விரும்பிப் பார்த்தாள். எனக்குத் துணையாக இருந்தது. இவ்வளவு தூரம் கொண்டுபோவாள் என்று தெரியாது," என்றார். பிறகு மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகத் திரைச்சீலையை மூடி, ஸ்லைட் புரொஜெக்டரைப் போட்டார். சோறு என்று சொன்னேன். "யா, யா" என்றார். அந்த வியாதி அவருக்கும் உண்டு.

சுவரில் ஒரு கரை தெரிந்தது. மணல் இல்லை, கறுப்புக் கல். பழைய எரிமலைக் குழம்பு கடல்வரை ஓடி வந்து அப்படியே உறைந்து கிடந்தது. அதன் வெடிப்புகளில் பன்னச் செடி முளைத்திருந்தது. கொஞ்சத் தூரத்தில் பவளப் பாறைக்கு உள்ளே கடல் வெளிறிய பச்சை, வெளியே கடும் நீலம். நான் கரும்பலகையில் சோக்கட்டியால் கீறிய வெட்டுமுகப் படம் அதேதான். நிறம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்தது வீடு. முட்டை வடிவத் தளம், சுற்றிவரத் தூண்கள், மேலே கவிழ்த்த தோணிபோலக் கூரை. சுவர் இல்லை. தரையில் வெள்ளைக் கூழாங்கல், அதன்மேல் பாய். மழை வந்தால் தூண்களுக்கிடையே தென்னோலைத் தட்டியை இறக்குவார்களாம், விட்டதும் ஏற்றுவார்களாம். உள்ளே ஒரு குழந்தை நித்திரை, பக்கத்தில் ஒருத்தி பாய் இழைக்கிறாள், பின்னால் பன்றி போகிறது, அதற்கும் பின்னால் கடல். எல்லாம் ஒரே படத்தில். சூடாக்கிய கற்களுக்குமேல் ஈரப்பலாக்காயும் சேம்புக் கிழங்கும் வைத்து, வாழையிலையால் மூடும் ஆண்கள். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஆண்களுடையதாம். இதை இவருக்குச் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"பின்னேரம் சங்கு ஊதுவார்கள்," என்றார் ஃப்ராவ் கெர்பர். "உடனே எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். பிரார்த்தனை முடியும்வரை தெருவில் நடக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் தெருவோரம் காவல் நிற்பார்கள். நான் முதல் கிழமை சைக்கிளில் போய் மாட்டினேன். மன்னிப்புக்குப் பெரிய தகரத்தில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இருபத்தாறு வயதில் எனக்கு அது மூச்சு முட்டியது."

"எங்களுக்கு இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியக்கூடாது," என்றேன். "மகள் அதைத்தான் மாற்றிவிட்டாள்."

அவர் அடுத்த படத்தைப் போடாமல் நிறுத்தினார். "வகுப்பில் பிள்ளை பேசியதை யாரும் அரசாங்கக் கோப்பில் சேர்ப்பதில்லை. நான் வேண்டுமானால் ஆசிரியையிடம் சொல்கிறேன். ஆனால் நான் சொன்னால் உங்கள் மகள் பிடிபட்டவள். அவளே சொன்னால் உண்மை சொன்னவள்."

நல்ல வார்த்தை. பிழையாகப் போனாலும் அவருக்கு இது சொந்த நாடு. கீழே வந்தபோது சோறு அடிப்பிடித்து, காவலாளி படியில் நின்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

5

வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. இவர் வரமாட்டேன் என்றார். பிறகு, தான் இல்லாமல் நான் என்ன உளறுவேனோ என்று பயந்து வந்தார். ஈரப்பலாக்காய்க்கு பேர்னில் எங்கே போவது? உருளைக்கிழங்கை, காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்த பாலில் சமைத்துக் கொண்டுபோனேன். ஒரு தாய் ருசி பார்த்துவிட்டு, "சமோவாவில் காரம் இவ்வளவு போடுவார்களா" என்று கண்ணைத் துடைத்தார். "யா" என்றார் இவர். தொற்றுவியாதி.

வகுப்பு முழுக்கக் காகித மாலை. தகரத்து அன்னாசி. ஃப்ராவ் கெர்பர் புரொஜெக்டரோடு பின்வரிசையில் இருந்தார். கூர் ரயில் பனியால் பிந்துகிறது என்று ஆசிரியை அறிவித்தார். "அதுவரை தர்சினி தொடங்கட்டும்" என்றார்.

தர்சினி முன்னால் போய் நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன். அவள் பேர்ன் ஜேர்மனில் பேசினாள். அந்தப் பிள்ளைகளைப் போலவே, அவர்களைவிட நன்றாக. விடியமுன் சேவல்கள், முற்றத்து இலைகளைப் பொறுக்குவது, தலையில் ஈரத் துவாயோடு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள். பலகையால் செய்த பஸ், இடம் இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர் மடியிலும் இருக்கலாம். பகல் ஏறினால் மலைமேல் முகில் குந்தும், மத்தியானம் மழை வரும், மழையைக் கண்டு யாரும் ஓடமாட்டார்கள். அலை அடிக்கும்போது கறுப்புக் கல்லுத் துவாரத்தால் கடல் மேலே பீறிடும். அதற்குள் தேங்காயைப் போட்டால் வானத்துக்குப் போகும். இருக்கிறவர்களுக்கு முன்னால் போகும்போது குனிந்து "துலோ" சொல்ல வேண்டும். பெரியவர்கள் சாப்பிட்டு முடியும்வரை பிள்ளைகள் விசிறியால் ஈ விரட்ட வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, நானே அங்கே ஒரு தபாலதிபரின் மனைவியாக இருந்திருக்கலாம் என்று பட்டது. அதுதான் பயங்கரமாக இருந்தது.

கைதட்டல் முடிந்ததும், முன்வரிசையில் ஒரு தகப்பன் கையை உயர்த்தினார். கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. "அவ்வளவு அழகான இடத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள்?" என்றார்.

தர்சினியிடம் அதற்குப் படம் இல்லை. ஆசிரியை புன்னகையோடு காத்திருந்தார். யாரோ கதிரையைக் கிறீச்சென்று அரக்கினார்கள்.

தெருவில் நான் தமிழில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, அத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்: "அம்மா, சொல்லட்டோ?"

"தர்சி," என்றார் இவர். குரலில் இருந்தது கோபமில்லை, கெஞ்சல்.

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. "சொல்லு பிள்ளை," என்றேன்.

"நான் சமோவாவுக்குப் போனதில்லை," என்றாள் அவள், ஜேர்மனில். "போனது ஃப்ராவ் கெர்பர். என் அம்மா அப்பாவும் போனதில்லை. நாங்கள் யாழ்ப்பாணம். அங்கே எங்கள் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது. ஆமி வந்தால் சுவருக்குக் கீழே படுப்போம். அதனால்தான் வந்தோம்."

கேள்வி கேட்ட தகப்பன் தன் மனைவியிடம், "அப்போ டமில்" என்றார், மெதுவாகத்தான். ஃப்ராவ் லூத்திக்குக் கழுத்தில் இருந்து முகம்வரை சிவந்தது. "ஆனால் நீ அவ்வளவு அழகாகச் சொன்னாயே," என்றார், ஏதோ திருடுபோனதுபோல. இவர் எழும்பி என் கோட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தர்சினி முன்னால் அப்படியே நின்றாள். அவளிடம் போகவேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. வாட்டசாட்டமான ஒரு பெண், தோளெல்லாம் பனி, கம்பளித் தொப்பியில் ஒரு சீலைச் செவ்வரத்தம்பூ குத்தியிருந்தது. தன் பெயர் சினா என்றார். கூர்க்காரர்களின் ஜேர்மனை அவர்களைப்போலவே பேசினார். ஆசிரியை ஓடிப்போய், மிகவும் வருத்தம், ஒரு தவறு நடந்துவிட்டது, இந்தப் பிள்ளை சமோவாவே இல்லையாம், உங்களை வீணாக இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டோம் என்று அடுக்கினார்.

சினா பனியைத் தட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு தர்சினியைப் பார்த்தார். "கூரில் நான் முதல் இரண்டு வருஷம் ஹவாய்க்காரி," என்றார். "சமோவா என்றால் அது என்ன வியாதி என்று கேட்டார்கள். ஹவாய் என்றேன், வேலை தந்தார்கள். ஆடச் சொன்னார்கள், ஆடினேன். எனக்கு அந்த ஆட்டம் ஒரு அடி தெரியாது."

முதலில் சிரித்தது ஃப்ராவ் கெர்பர்தான். வேறு இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள், எல்லோரும் இல்லை.

சினா பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றை இழுத்து, மகளுக்கு நேரெதிரே போட்டு, அது நெரிய நெரிய அதில் இருந்தார்.

"சமோவாவை எனக்குத் தெரியும்," என்றார். "நீ உன்னுடைய ஊரைச் சொல்."